கல்யாண வீட்டில் யார் ஆடுவது?

சென்னையில் கல்யாணத் தேதி குறித்ததும் செய்யவேண்டிய காரியங்களின் பட்டியலில் சில ஆண்டுகளாகப் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. மண்டபம் பிடிப்பது, சமையல்காரருக்கு முன்பணம் கொடுப்பது, பனகல் பூங்காவைச் சுற்றி நான்கு நாட்கள் அலைந்து புடவை எடுப்பது ஆகியவற்றுக்குப் பிறகு, பெண்ணும் மாப்பிள்ளையும் நடன வகுப்பில் சேர்வது. அடையாற்றிலும் ஆழ்வார்பேட்டையிலும் தி. நகரிலும் இதற்கென்றே வகுப்புகள் நடக்கின்றன. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, மூலையில் ஒலிபெருக்கி, வாசலில் அலுவலகத்திலிருந்து நேராக வந்தவர்களின் காலணிகள். வருகிறவர்களில் பெரும்பாலோர் சங்கீத் என்னும் வடக்கத்திய இரவுக்காகத் திரைப்பாட்டு ஒன்றின் அசைவுகளை மனனம் செய்ய வருகிறவர்கள். மிகச் சிலர் மட்டும் வரவேற்பின்போது இருவராகக் கைகோத்து வால்ட்ஸ் ஆட வேண்டும் என்று வருகிறார்கள். எங்கள் அக்கறை இந்தச் சிலரின்மீதுதான்.

இவர்களைப் பற்றிக் கல்யாண வீடுகளில் இரண்டு பேச்சுகள் காதில் விழுகின்றன. முன்வரிசை நாற்காலிகளில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள், 'இதெல்லாம் நம் வழக்கமா?' என்கிறார்கள். பின்வரிசை இளைஞர்கள், 'வீடியோவில் நன்றாக வரும்' என்கிறார்கள். இவ்விரண்டில் எதனோடும் எங்களுக்கு உடன்பாடில்லை. முதல் பேச்சு நம் ஊரின் சரித்திரத்தை மறந்துவிட்டது. இரண்டாவது பேச்சு, கையில் கிடைத்த ஓர் அரிய சந்தர்ப்பத்தை வீணாக்குகிறது.

வழக்கத்தை முதலில் பார்ப்போம். சென்னைப் பட்டணத்துச் செல்வர் வீட்டுக் கல்யாணங்களில் நடனம் இருந்தது, நன்றாகவே இருந்தது. ஆனால் வீட்டார் ஆடவில்லை. தேவதாசிகளை அழைத்துச் சதிர்க் கச்சேரி வைத்தார்கள். பந்தலில் சதிர் இல்லாவிட்டால் குறைவு என்று கருதிய காலம் அது. 1893-ல் சென்னைச் சீர்திருத்தக்காரர்கள் ஆளுநருக்கும் வைஸ்ராய்க்கும் மனு எழுதி, சதிர் வைக்கும் விருந்துகளுக்கு அவர்கள் போகக்கூடாது என்று கேட்டுக்கொண்டார்கள். அதிலிருந்து நாற்பது ஆண்டுகள் இந்தச் சண்டை ஓயவில்லை. 1932-ன் இறுதியில் பொப்பிலி அரசரைக் கௌரவித்து நடந்த விருந்தொன்றில் சதிர் வைக்கப்பட்டதை ஒட்டி, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் வழக்கறிஞர் ஈ. கிருஷ்ணய்யரும் பத்திரிகையில் கடிதங்கள் எழுதி மோதிக்கொண்டார்கள். ஒருவர் அந்த ஆட்டத்தையே ஒழிக்கவேண்டும் என்றார். மற்றவர் கலையைக் காப்பாற்ற வேண்டும் என்றார். இதற்குள்ளாகவே 1931-ல் மியூசிக் அகாடமி கல்யாணி குமாரத்திகளின் சதிரைத் தன் மேடையில் ஏற்றியிருந்தது. 1935 டிசம்பரில் அடையாறு பிரம்மஞான சபையின் வைரவிழாவில் ருக்மிணி தேவி ஆடினார். மறு ஆண்டே கலாக்ஷேத்திரா பிறந்தது. 1947-ல் தேவதாசி முறையைத் தடுக்கும் சட்டம் வந்தது.

இதில் யாருக்கு நியாயம், யாருக்கு அநியாயம் என்பது தனிக்கதை. பரம்பரையாக ஆடி வந்த பெண்களுக்கு நேர்ந்தது பெரும் அநியாயம் என்பதே எங்கள் எண்ணம். அதை இன்னொரு முறை விரிவாக எழுதவேண்டும். இங்கே நாம் கவனிக்கவேண்டியது வேறு. நடனம் கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து சபாவுக்குப் போய்விட்டது. மயிலாப்பூர்ப் பெண்கள் பத்து வருடம் பரதம் பயின்று அரங்கேற்றம் செய்கிறார்கள். அந்த அரங்கேற்றத்துக்கு அழைப்பிதழ், பட்டு, விருந்து எல்லாம் உண்டு. மாப்பிள்ளை ஒருவர்தான் குறை. ஆனால் அவர்களே தம் கல்யாணத்தில் ஆடுவதில்லை. சதிர் போன இடத்தில் பாட்டுக் கச்சேரி வந்தது, பிறகு மெல்லிசைக் குழு வந்தது. கல்யாண வீட்டில் யாரோ ஆட நாம் பார்த்த காலம் முடிந்து, யாருமே ஆடாத காலம் வந்தது. பெரியவர்கள் 'நம் வழக்கம்' என்று சொல்வது இந்த இரண்டாவது காலத்தைத்தான். அதற்கு நூறு வயதுகூட முழுதாக ஆகவில்லை.

பெண்ணும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து விளையாடிய நலங்கு மட்டும் தப்பிப் பிழைத்தது. தேங்காய் உருட்டுவதும், தலைக்குமேல் அப்பளம் நொறுக்குவதும், பெண் பாட்டுப் பாடி மாப்பிள்ளையைச் சீண்டுவதும் அதில் உண்டு. அந்தப் பாட்டைப் பெண் பிறவியிலேயே அறிந்திருக்கவில்லை. அத்தையோ பாட்டியோ கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். கல்யாணத்துக்கென்று ஒன்றைப் பயின்று, எல்லோர் முன்னிலையிலும் கூச்சத்தோடு செய்து காட்டுவது அடையாற்று நடன வகுப்போடு நுழைந்த விஷயமன்று.

மேற்கத்திய ஜோடி நடனமும் இந்த ஊருக்கு நேற்று வந்ததில்லை. இன்று ராஜாஜி மண்டபம் என்று நாம் அழைக்கும் கட்டடம் 1802-ல் ஆளுநர் எட்வர்ட் கிளைவ் கட்டி முடித்த விருந்து மண்டபம். துரைமாரும் துரைசானிகளும் ஆடிய தரை. அடையாற்றங்கரையில் 1890-ல் தொடங்கிய அடையாறு கிளப், 1963-ல் மெட்ராஸ் கிளப்போடு இணையும்வரை, பெண்களோடு மாலைப்பொழுதைக் கழிக்க விரும்பிய வெள்ளையரின் இடமாக இருந்தது. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் ஜோடியாக ஆடாமல் கல்யாணம் முடிவதில்லை. அவர்களுக்கு அது வகுப்புக்குப் போய்க் கற்றதாகக்கூட இராது, அம்மாவின் காலடியைப் பார்த்துப் பழகியதாக இருக்கும். இத்தனைக்கும் நடுவில் வாழ்ந்த நாம் அந்த நடனத்தைத் தொடவில்லை. ஆனால் அதன் பாட்டை எடுத்துக்கொண்டோம்! எங்களுக்கு இந்தச் சரித்திரத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

முத்துஸ்வாமி தீட்சிதர் இளமையில் மணலி முதலியாரின் ஆதரவில் சென்னையை ஒட்டி வாழ்ந்தபோது, கோட்டையின் பாண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த மெட்டுகளைக் கேட்டார். அவற்றுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நோட்டு ஸ்வரம் என்று அவற்றைச் சொல்கிறோம்; குழந்தைகளுக்கு இன்றும் கற்றுத்தருகிறோம். 'வந்தே மீனாட்சி' என்று தொடங்கும் கிருதியின் மெட்டு, அயர்லாந்துக்காரர்கள் குதித்து ஆடும் ஒரு நாட்டுப்புற ஆட்டத்தின் மெட்டு. பெயர் 'ரேக்ஸ் ஆஃப் மாலோ'. மாலோ ஊரின் ஊதாரிகள் என்று பொருள் கொள்ளலாம். ஊதாரிகளின் ஆட்டத்தைக் கேட்டவர் அதை மீனாட்சிக்கு வணக்கமாக்கினார். அவருடைய தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் இதே காலத்தில் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று அதை நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார். ஐரோப்பாவில் அந்த வயலின், நடன ஆசிரியர்களின் கருவி. கோட்டுப் பையில் வைத்துக்கொள்ளக்கூடிய சின்ன வயலின் ஒன்றை அவர்கள் வைத்திருப்பார்கள். வாசித்துக்கொண்டே கால் சொல்லித்தருவார்கள். மெட்டு வந்தது, வாத்தியம் வந்தது, கால் மட்டும் கடற்கரையிலேயே நின்றுவிட்டது.

வயலின் என்றதும் இன்னொரு மாணவர் நினைவுக்கு வருகிறார். 1888-ல் லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போன மோகன்தாஸ் காந்தி, நாகரிகக் கனவானாக ஆகவேண்டி நடன வகுப்பில் சேர்ந்தார். ஒரு பருவத்துக்குக் கட்டணம் மூன்று பவுண்டு. மூன்று வாரங்களில் ஆறு பாடங்கள்போல் ஆயின. பியானோ எங்கே போகிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. கால் தாளத்துக்கு வரவில்லை. மேற்கத்திய சங்கீதத்துக்குக் காது பழகினால் கால் வரும் என்று எண்ணி இன்னொரு மூன்று பவுண்டுக்கு ஒரு வயலின் வாங்கினார்! கொஞ்ச நாளில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, தன் ஆசிரியை வழியாகவே வயலினை விற்க ஏற்பாடு செய்தார். சத்திய சோதனையில் இந்தப் பகுதியைப் படித்துச் சிரிக்காதவர் இருக்க முடியாது. அவர் அப்போது மணமானவர் என்பதும், கஸ்தூர்பா பல்லாயிரம் மைல் தள்ளி ஒரு குழந்தையோடு இருந்தார் என்பதும் சிரிப்பு அடங்கிய பிறகே நினைவுக்கு வரும். அவர் ஆடக் கற்றது எந்தப் பெண்ணோடும் ஆடுவதற்காக அன்று. ஒரு சமுதாயத்தின் வாசலில் நுழைவுச்சீட்டாகக் காட்டுவதற்காக. அதனால்தான் அது வரவில்லை என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

ஒரு தேசமே இப்படி நுழைவுச்சீட்டுக்காக ஆடியது உண்டு. 1883-ல் ஜப்பானிய அரசு டோக்கியோவில் ரொக்குமெய்க்கான் என்ற மாளிகையைத் திறந்தது. மேல்நாட்டுத் தூதர்கள் நம்மைச் சமமாக மதிக்கவேண்டும், அதற்கு நாம் அவர்களைப்போல் ஆடவேண்டும் என்பது கணக்கு. மந்திரிகளின் மனைவியரும் மகள்களும் வால்ட்ஸ் பழகினார்கள். பியர் லோத்தி என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி அங்கே ஆடிவிட்டு, ஊர் திரும்பிக் கேலியாக எழுதினார். ரஷோமோன் மூலம் நாம் அறிந்த அகுதாகவா, 1920-ல் அதே நடன இரவை ஒரு சிறுகதையாக்கினார். பிரெஞ்சும் நடனமும் கற்றுத்தரப்பட்ட பதினேழு வயதுப் பெண் முதன்முதலாக அந்த மண்டபத்தின் படிகளில் ஏறுகிறாள். பிரெஞ்சு அதிகாரியோடு ஆடுகிறாள். பிறகு இருவரும் மாடத்தில் நின்று வாணவேடிக்கை பார்க்கிறார்கள். அவன் அதைப் பார்த்து வாழ்க்கையை நினைத்துக்கொள்கிறான். முதியவளான பிறகும் அந்த இரவு அவளிடம் அப்படியே இருக்கிறது. அவளோடு ஆடியவர் புகழ்பெற்ற எழுத்தாளர் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. லோத்தியின் எழுத்தில் இருப்பது வேடிக்கை பார்த்தவரின் கண். அகுதாகவாவின் கதையில் இருப்பது ஆடியவளின் கால். வேடிக்கை பார்க்கிறவருக்கு என்றுமே தெரியாத ஒன்று ஆடுகிறவருக்குள் நடக்கிறது என்பதை அந்தக் கதை கேலிக்குப் பதிலாக வைக்கிறது.

ஜப்பான் இந்த விஷயத்தில் நமக்கு இங்கிலாந்தைவிட நெருக்கமான ஊர். மசயுகி சுவோ 1996-ல் எடுத்த 'ஷல் வீ டான்ஸ்' படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கணவனும் மனைவியும்கூடப் பொது இடத்தில் கைகோத்து நடக்காத சமூகத்தில், நடுவயதுக் கணக்காளர் ஒருவர் ரயிலிலிருந்து பார்த்த ஒரு ஜன்னலால் இழுக்கப்பட்டு, வீட்டுக்குத் தெரியாமல் நடன வகுப்பில் சேர்கிறார். அவர் நடத்தை மாறியதைக் கண்டு மனைவி துப்பறிவாளரை அமர்த்துகிறாள். (திருமயிலைக்கும் இந்திரா நகருக்கும் இடையே பறக்கும் ரயிலில் போகிறவர்கள் மாடி ஜன்னல்களை உற்றுப் பார்க்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.) ஹாலிவுட் 2004-ல் இதைத் திரும்ப எடுத்தபோது அந்த வெட்கம் காணாமற்போயிற்று, கூடவே படமும் பாதியாயிற்று. தொடுவது சுலபமாக இருக்கும் ஊரில் அந்தக் கதைக்கு வேலையில்லை.

வால்ட்ஸில் அப்படி என்னதான் கற்றுத்தருகிறார்கள்? மூன்று தட்டு, நம் கணக்கில் தகிட, தகிட. அவன் இடது காலை முன்வைக்கிறான், வலது காலைப் பக்கவாட்டில் கொண்டுபோகிறான், இடதைச் சேர்க்கிறான். அடுத்த தகிடவில் வலது கால் பின்னால், இடது பக்கத்தில், வலது வந்து சேர்கிறது. தரையில் ஒரு பெட்டி வரைந்தாயிற்று. அவள் இதையே கண்ணாடிபோல் தலைகீழாகச் செய்கிறாள். அவனது வலது கை அவள் தோள்பட்டைக்குக் கீழே. அவளது வலது கை அவனது இடது கையில். இவ்வளவையும் அரைமணியில் சொல்லிக்கொடுத்துவிடலாம். அதன் பிறகுதான் சிரமம் தொடங்குகிறது. வாயைத் திறக்காமல், கையால் தள்ளாமல், அடுத்து எந்தப் பக்கம் போகிறோம் என்பதை உடம்பின் சாய்விலேயே அவன் சொல்லவேண்டும். அவள் அதை ஊகிக்காமல் காத்திருந்து கேட்கவேண்டும். முந்தினால் மிதிபடும், பிந்தினாலும் மிதிபடும். இருவரும் தரையைப் பார்த்தால் நெற்றி முட்டும். நல்ல ஆசிரியர்கள் நடுவில் இடத்தை மாற்றி, பெண்ணை நடத்தவும் ஆணைப் பின்தொடரவும் சொல்கிறார்கள். பத்து நிமிடம் பின்னோக்கி நடந்து பார்த்த ஆண் அதன் பிறகு வேறு மாதிரி நடத்துகிறான்.

பரதம் பயின்ற பெண்களுக்கு இது எளிதாக வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. அரைமண்டியில் அமர்ந்து, தட்டடவில் பாதத்தை முழுதாகத் தரையில் அறையப் பழகிய கால் அது. வால்ட்ஸோ நிமிர்ந்து நின்று தரையை வழுக்கிப் போகச் சொல்கிறது. தாளம் அவளிடம் கல்போல் நிற்கும், அதுவே இடைஞ்சல். தனியே ஆடியே வளர்ந்தவளுக்கு இன்னொருவரின் தடுமாற்றத்தையும் தாளத்தோடு சேர்த்துக்கொள்வது புது வித்தை. ஆடையிலும் நாம் எதிர்பாராத கணக்குகள் உண்டு. ஆறு கஜப் புடவையைவிட மடிசார் இந்த ஆட்டத்துக்கு வசதி, பஞ்சகச்சமும் பரவாயில்லை, ஆபத்து எல்லாம் எட்டு முழ வேட்டியில்தான். பாட்டி ஒருத்தி ஆட்சேபிக்கவேண்டுமானால் அவளுக்கு உருப்படியான காரணம் ஒன்றை நாங்களே எடுத்துக் கொடுக்கிறோம்: பால்ரூமில் ஜோடிகள் கூடத்தை அப்பிரதட்சிணமாகச் சுற்றுகிறார்கள். அக்கினியை வலம் வந்த மறுநாளே இப்படியா என்று அவள் கேட்கலாம்.

அந்நிய நாட்டுச் சரக்கு என்ற குற்றச்சாட்டு மட்டும் செல்லாது. 1816-ல் அரசப் பிரதிநிதியின் விருந்தில் வால்ட்ஸ் ஆடப்பட்டதும், லண்டன் டைம்ஸ் இதே குற்றச்சாட்டைச் சொல்லித்தான் கொதித்தது. அதற்கு மூன்றாண்டு முன்பே பைரன் ஒரு நையாண்டிக் கவிதை எழுதியிருந்தார். தொட்டு ஆடுவது எல்லா ஊரிலும் அடுத்த ஊரிலிருந்து வந்ததாகவே இருக்கிறது.

இப்போது வீடியோக்காரர்களிடம் வருவோம். சங்கீத் நடனத்தை ஆசிரியர் முன்கூட்டி அமைத்துவிடுகிறார். நான்கு பாட்டுகளை வெட்டி ஒட்டி மூன்று நிமிடமாக்குகிறார். எட்டு எண்ணிக்கை எட்டு எண்ணிக்கையாக அசைவுகளைப் பிரிக்கிறார். தோழியர் இடதுபுறம், அண்ணன்மார் வலதுபுறம். பெண்ணும் மாப்பிள்ளையும் பார்ப்பது ஒருவரையொருவர் அன்று, எதிரே இருக்கும் கண்ணாடியை. கல்யாணத்தன்று கண்ணாடி இருந்த இடத்தில் கேமரா நிற்கிறது. தேர்வுக்கு ஒப்பித்த பாடம் மறுநாள் மறப்பதுபோல் அதுவும் மறந்துவிடுகிறது. ஒருவகையில் இது பழைய சதிர்க் கல்யாணமேதான். யாரோ அமைத்த ஆட்டத்தைச் சபை பார்க்கிறது. அன்று கூலிக்கு ஆடியவர்களின் இடத்தில் இன்று பெண்ணும் மாப்பிள்ளையுமே நிற்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம். மறுப்புச் சொல்ல முடியாமல் ஆடுகிறவர்களும் இதில் உண்டு. புக்ககத்தார் ஆசைப்பட்டார்கள் என்பதற்காக மேடையேறிச் சிரித்துக்கொண்டே கண் கலங்கிய மணப்பெண்ணை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆடமாட்டேன் என்று சொல்ல மூன்றாம் வாரத்திலும் உரிமை இருக்கவேண்டும். காந்திக்கு இருந்தது.

ஜோடி நடனத்தை நாங்கள் ஆதரிப்பதற்குக் காரணம் அது மேல்நாட்டு நாகரிகம் என்பதன்று. நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் இடைப்பட்ட மாதங்களில், பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணங்களில் குறிப்பாக, அந்த இருவருக்கு என்று என்ன நேரம் கிடைக்கிறது? கடைக்குப் போனால் கூட ஆறுபேர். தொலைபேசியில் பேசினால் பாதி நேரம் அழைப்பிதழ் கணக்கு. முன்பின் தெரியாத ஒருவரின் உள்ளங்கை வியர்ப்பதை அறிய, மிதித்துவிட்டால் அவர் முகம் சுளிக்கிறாரா சிரிக்கிறாரா என்று பார்க்க, தவறு இருவருடையதாக இருக்கும்போது முதலில் மன்னிப்புக் கேட்பது யார் என்று தெரிந்துகொள்ள, வாரத்துக்கு ஒரு மணிநேரம் ஆறு வாரங்கள் என்பது பெரிய காலம். ஜாதகக்காரர் சொல்லாத சில பொருத்தங்களும் பொருத்தமின்மைகளும் அந்த ஒரு மணிநேரத்தில் தெரிந்துவிடுகின்றன. பாணிக்கிரகணம் என்று கையைப் பிடிக்கவும், அம்மிமேல் அவள் பாதத்தைத் தூக்கிவைக்கவும், அக்கினிக்கு முன் ஏழடி அவளை நடத்திச் செல்லவும் நம் சடங்கே மாப்பிள்ளைக்குச் சொல்கிறது. அத்தனையும் ஒத்திகையின்றி, புகைக்கு நடுவே, வாத்தியார் அவசரப்படுத்த நடக்கின்றன.

ஆகவே வகுப்புக்குப் போகிறவர்களிடம் எங்கள் வேண்டுகோள் சிறியது. பாட்டைத் தேர்ந்தெடுத்து அசைவுகளை அமைத்துத் தரும்படி ஆசிரியரிடம் கேட்காதீர்கள். பெட்டி ஒன்றும், அதைத் திருப்புவது எப்படி என்பதும் போதும். எந்தப் பாட்டு வந்தாலும் தடுமாறியாவது ஆடமுடிய வேண்டும். வரவேற்பு மேடையில், மொய்க் கவரோடு இருநூறு பேர் வரிசையில் நிற்கும்போது ஆடாதீர்கள், அவர்களுக்குப் பசிக்கும். கடைசிப் பந்தி எழுந்து, வீடியோக்காரர் சாப்பிடப் போன பிறகு நாற்காலிகளை ஓரம் தள்ளுங்கள். மெல்லிசைக் குழு கிளம்பிவிட்டிருந்தால் கவலையில்லை. காலை முகூர்த்தத்துக்கு வந்திறங்கிய நாதஸ்வரக்காரர் மண்டபத்தில்தான் எங்காவது படுத்திருப்பார். முத்தையா பாகவதர் இயற்றி மதுரை மணி ஐயர் பாடிப் பரப்பிய இங்கிலீஷ் நோட்டை அவர்கள் கல்யாண ஊர்வலங்களில் வாசித்துத் தள்ளியவர்கள். தகுந்த மரியாதையோடு கேட்டால் எழுந்து வாசிப்பார்.